ஆவுடையக்கா போட்ட கட்டங்கள்

முப்பத்தொன்று. கால் மணி நேரமாக முப்பத்தொன்றிலேயே நிற்கிறது. புள்ளிகள் மட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வட்டமாக ஓடுகின்றன. புதுப்பிப்பு நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம் என்று கீழே எழுதியிருக்கிறது. நான் ஏன் அணைக்கப் போகிறேன். அணைத்தால் எழுந்து அடுக்களைக்குப் போக வேண்டும், போனால் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் சொல்ல வேண்டும். பதினோரு நாளாக நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நூறு வரட்டும், வந்ததும் சொல்லிவிடலாம். நூறு வருவதற்குள் சோறு வடித்துவிட்டால் சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம். சாப்பிட்ட பிறகு அவள் கொஞ்சம் படுப்பாள், படுத்தவளை எழுப்பியா சொல்வது. இப்படியே நான்கு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். எனக்கே என்னைத் தெரிகிறது. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் தன் அக்காவிடம் ஒரு வாக்கியம் பேசுவதற்கு ஒரு பெட்டியின் அனுமதிக்குக் காத்திருக்கிறான். தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசனை வருகிறது. சொதி வைக்கிறாள். நான் வந்தால் சொதி, இஞ்சிப் பச்சடி. பாளையங்கோட்டையில் இந்த வீட்டுக்கு அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். மடிக்கணினி புதிது. அவள் மகன் பிரமநாயகம் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் போட்டு நேற்று வந்து இறங்கியிருக்கிறது. பேத்தி முகத்தைப் பெரிதாகப் பார்க்கலாம், ஃபோனில் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது என்றாளாம். மாமா போய்ச் சரிசெய்து கொடுத்துவிடுங்கள் என்றான் நாயகம். மாமா. இந்தக் குடும்பத்தில் யார் வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் சைலம் மாமாதான். முப்பத்திரண்டு ஆகிவிட்டது.

அவனும் தெரிந்து சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக வந்தது. அம்மாவுக்கு நன்றாகப் பொழுது போகும் மாமா, பழைய மெஷினில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாளே, மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள் என்றான். என்ன குறுக்கெழுத்து என்றேன். உங்களுக்குத் தெரியாதா, நூறுக்கு மேல் போட்டு வைத்திருந்தாள், ஒரு வாரப் பத்திரிகை கூட வாங்கிக்கொள்கிறோம் என்று கடிதம் போட்டதே, பிறகு ஏனோ நின்றுபோயிற்று, நான் அப்போது புனேயில் இருந்தேன், கேட்கவில்லை என்றான். ஃபோனில் எனக்கு ஒரு குறிப்பு சொல்வாள் மாமா, இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, 'மாவடுவின் நடுவை எடுத்தால் பால் கறக்கும், இரண்டு எழுத்து.' நான் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். மாவடு. நடுவில் வ. எடுத்தால் மாடு. சிரித்துவிட்டேன். சிரித்த வாய் மூடுவதற்குள், எந்த வருஷம்டே அந்தக் கடிதம் வந்தது என்று கேட்டேன். இரண்டாயிரத்து ஆறு, எனக்கு முதல் வேலை கிடைத்த வருஷம், ஆடி மாசம் இருக்கும் என்றான். அதற்குப் பிறகு அவன் பேசியது எதுவும் காதில் விழவில்லை. ஃபோனை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். என்னங்க, யாரு என்றாள் என் மனைவி. நாயகம் என்றேன். என்னவாம் என்றாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை. எல்லோருக்கும் எவ்வளவு வசதியான ஒரு சொல்.

இரண்டாயிரத்து ஆறு ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே அறையில் இதே ஜன்னலுக்குக் கீழே இருந்த அந்தக் கம்ப்யூட்டரை நான் ஃபார்மட் செய்தேன். சுத்தமாகத் துடைத்துப் புதிதாக எல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகலெல்லாம் புகார் கேட்டுக் கேட்டுச் சலித்தவனுக்கு அந்த நாட்களில் அதுதான் சந்தோஷம். தொண்ணூற்றேழில் சாயங்கால வகுப்பில் சேர்ந்து படித்தேன். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் முப்பத்தாறு வயது ஆள். முதல் நாள் மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் மேஜை விளிம்பு வரை கொண்டுபோய், இதற்கு மேல் இடமில்லையே என்று நின்றேன். தூக்கி வையுங்க சார் என்று ஒரு பெண் சிரித்தாள். அவள் சிரித்த சிரிப்புக்காகவே படித்தேன். பிறகு யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சீட்டாட்டம் ஜெயித்தால் சீட்டுகள் திரை முழுக்கத் துள்ளித் துள்ளி விழுமே, அதைப் பார்க்கவே ஆடியிருக்கிறேன். டிஸ்க்கைச் சீராக்கும்போது நிறக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறி வரிசையில் போய் உட்காருமே, அதை ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன். என் மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பாள். என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. ஏதோ ஒன்று உலகத்தில் ஒழுங்குக்கு வருகிறது, அவ்வளவுதான். எல்லாவற்றிலும் பெரிய இன்பம் ஃபார்மட். வைரஸ், குப்பை, திறக்காத கோப்பு, எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் துடைத்தால் பெட்டி குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி நிற்கும். யார் வீட்டுக்குப் போனாலும் அதைச் செய்ய ஒரு காரணம் தேடுவேன். இதை இன்றைக்கு வரை யாரிடமும் சொன்னதில்லை. தேவை இருந்ததால் செய்யவில்லை. பிடித்திருந்ததால் செய்தேன்.

முப்பத்தெட்டு. அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருள்கிறது. ஏக்கா, என்ன என்றேன். ஒண்ணுமில்லடே, மூடி என்றாள். கண்புரை ஆபரேஷன் ஆன பிறகும் தூரம் சரியாகப் பிடிபடவில்லை அவளுக்கு, வைக்கிற பொருளை மேடையின் ஓரத்திலேயே வைக்கிறாள். தனியாக இருக்கிறாள். அத்தான் போய் மூன்று வருஷம் ஆகிறது. போன மாசம் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து கோயிலிலிருந்து பாதி வழியில் திரும்பி வந்தாளாம், அணைத்துத்தான் இருந்ததாம், மறுபடி கிளம்பிப் போய் மறுபடி திரும்பினாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் வந்து நின்று சொல்லும்போது, எந்தக் கம்ப்யூட்டர்டே என்று கேட்டுவிட்டால்? அப்போது யாரிடம் சொல்வது? அவள் மறந்துவிட்டால் நான் விடுதலையாகிவிடுவேனா, மாட்டிக்கொள்வேனா?

அந்த இரண்டாயிரத்து ஆறில் அவள்தான் கூப்பிட்டாள். அதுதான் பதினோரு நாளாக முள்ளாகக் குத்துகிறது. நான் பாட்டுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை எக்ஸ்சேஞ்சுக்கு ஃபோன் செய்தாள். சைலம், ஞாயித்துக்கிழமை வாரியாடே, கம்ப்யூட்டர்ல ஒரு வேல இருக்கு. வாரேன்க்கா என்றேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. பின்னால் இரண்டு லைனில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் குரலில் ஏதோ இருந்தது, இப்போது யோசித்தால் இருந்தது, ஒரு சிறுபிள்ளைத்தனம், ஒளித்து வைத்ததைக் காட்டப்போகிற குதூகலம். அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஒரு வேல இருக்கு. ஐம்பத்தோரு வயதில், பதினொன்றாம் வகுப்போடு நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்ட என் அக்கா, வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்குக் கம்ப்யூட்டரில் வேறு என்ன வேலை இருக்க முடியும்? இதையும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே நினைத்தேன்.

அதற்கு முன்னாலும் ஒரு தடவை கூப்பிட்டாள். அது ஒரு இரண்டு வருஷம் முன்னால் இருக்கும். நாயகம் வேலை தேடிப் புனே போய்விட்டான், பெட்டி பூப்போட்ட துணியை மூடிக்கொண்டு கிடந்தது. சைலம், கணக்குப் போடுத கட்டம் இருக்குல்லா, அதுல ஒரு கட்டத்துக்கு மட்டும் கறுப்பு அடிக்க முடியுமா? நான் அவசரத்தில் இருந்தேன். மேல பெயிண்ட் வாளி மாதிரி ஒரு படம் இருக்கும் பாருக்கா, அத அமுக்கு என்றேன். எந்த வாளி என்றாள். சாய்ஞ்சிருக்கும், ஊத்துத மாதிரி என்றேன். ஆமா ஆமா, ஐயோ வந்துட்டுடே என்றாள். சின்னக் குழந்தை மாதிரி கத்தினாள். வைக்கட்டா என்று வைத்துவிட்டேன். ஒரு பெண்பிள்ளை கணக்குத் தாளில் ஒரே ஒரு கட்டத்தைக் கறுப்பாக்க ஏன் ஆசைப்படுகிறாள் என்று ஒரு விநாடி நின்று யோசித்திருந்தால் போதும். பதினொன்றுக்குப் பதினொன்று கட்டம். அகலமும் உயரமும் ஒன்றாக வரும்வரை இழுத்து இழுத்துப் பார்த்திருப்பாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு இருக்கிறதே, கொ வேண்டுமானால் கொம்பு தனியாக, க தனியாக, கால் தனியாக அடிக்க வேண்டும், ஏதாவது ஒன்று தவறினால் காக்கை கிறுக்கலாக நிற்கும். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த விசையில் எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக அமுக்கி அமுக்கிப் பார்த்துக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாளை நான் பார்த்தேன். ஃபார்மட் செய்த அன்றைக்குப் பார்த்தேன். விசைப்பலகைக்கு அடியில் மடித்து வைத்திருந்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் சாய்வு நாற்காலியில் இருந்தார். வா மாப்ளே, இது ரொம்ப மெதுவா இருக்காம், உங்க அக்கா பொலம்புதா, என்னன்னு பாரு என்றார். அக்கா உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள், எனக்கு வடை. வந்துட்டியா, இரு, கை கழுவிட்டு வாரேன், உன்கிட்ட ஒண்ணு காட்டணும் என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தாள். மெதுவா வா, நான் பாத்துக்கிடுதேன் என்றேன். உட்கார்ந்தேன், திறந்தேன். மெதுவாகத்தான் இருந்தது. ஃபார்மட் பண்ணினால்தான் சரியாகும் அத்தான், முக்கியமாக ஏதாவது இருக்கா என்றேன். அத்தானிடம் கேட்டேன். ஏழெட்டு அடி தூரத்தில் அடுக்களை. குரலை உயர்த்திக் கேட்டிருந்தால் காதில் விழும் தூரம். அத்தான் சொன்னார், பய காலேஜ் ப்ராஜெக்ட் இருக்கு, அத எடுத்து வச்சிரு, வேற என்ன, அவ ஏதோ சீட்டு விளையாடிட்டு இருப்பா. நான் நாயகத்தின் ப்ராஜெக்டைத் தேடி எடுத்து ஒரு சி.டி.யில் ஏற்றினேன். பையில் இன்னொரு சி.டி. காலியாக இருந்தது. காலியாகவே திரும்பி வந்தது. அத்தானைக் குற்றம் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷம் அவளோடு இருந்தவர், அவருக்கு அவ்வளவுதான் தெரியும். நாற்பத்தைந்து வருஷம் தம்பியாக இருந்த எனக்கு அதுவும் தெரியாது.

தட்டில் வடையோடு வந்தாள். நீலத் திரையில் மஞ்சள் பட்டை பாதிக்கு மேல் நகர்ந்திருந்தது. என்னடே செய்யுத என்றாள். சுத்தம் பண்ணுதேன்க்கா, இனிமே பறக்கும் பாரு. எல்லாம் அப்படியே இருக்கும்லா? புதுசு மாதிரி இருக்கும். நான் இதைச் சொல்லிக்கொண்டே வடையை எடுத்தேன். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். சூடு, மெதுவா என்றாள். எல்லாம் முடிந்து புதுத் திரை வந்ததும் என் பக்கத்தில் குனிந்து, நான் கட்டம் போட்டு வச்சிருந்தேன், அது எங்க இருக்கு என்றாள். கட்டமா, ஜாதகமாக்கா என்றேன். அத்தான் சிரித்தார். யாருக்குப் பொருத்தம் பாத்தா இவ என்றார். நானும் சிரித்தேன். அவளும் லேசாகச் சிரித்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. இல்ல, சும்மா போட்டிருந்தேன், ஒண்ணுமில்ல என்றாள். இன்னும் ரெண்டு வடை வைக்கட்டா என்றாள். வைத்தாள். தின்றேன். பஸ் ஏறும்போது, ஏதோ ஒண்ணு காட்டணும்னு சொன்னியே என்று கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டேன் என்று இந்தப் பதினோரு நாளில் பலதடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை.

ஐம்பத்தாறு. திடீரென்று தாவியிருக்கிறது. இந்தப் பெட்டிகள் இப்படித்தான், முப்பத்தொன்றில் மூச்சுத் திணறும், பிறகு காரணமில்லாமல் ஓடும். இன்னொன்றும் இருக்கிறது. பின்னால்தான் தெரிந்துகொண்டேன், ஒரு பத்திரிகையில் படித்து. நான் செய்த மாதிரி ஃபார்மட் செய்தால் எல்லாம் அழிவதில்லையாம். எது எங்கே இருக்கிறது என்கிற பட்டியல்தான் அழியும், எழுதியது டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், மேலே வேறொன்று வந்து உட்காரும்வரை. தெரிந்த ஆளிடம் கொடுத்திருந்தால் பாதியாவது, முக்கால்வாசியாவது மீட்டிருக்கலாம். அதற்குப் பிறகு அக்கா அந்தப் பெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வேறு யாரும் தொடவில்லை. நான் ஏற்றியதைத் தவிர மேலே வந்து உட்கார ஒன்றுமே இல்லை. ஐந்து வருஷம் அந்த நூற்றுச் சொச்சம் கட்டங்களும் பூப்போட்ட துணிக்கு அடியில் இருட்டில் உயிரோடு கிடந்தன. இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது, இதை எடுத்துப் போட்டிருடே, இடத்த அடைக்கு என்றாள் அவளே. நான்தான் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்காரனிடம் இறக்கிவிட்டு வந்தேன். கனமாக இருந்தது. அவன் சுத்தியலால் மூடியை நெம்பும்போது பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சைலம், உப்பு பாக்கியா என்று கரண்டியோடு வந்து நிற்கிறாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றினாள். நக்கினேன். சரியா இருக்குக்கா. இன்னும் ஆகலியா இது? அறுபத்திரண்டு ஆகியிருக்கு. என் வயசு என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்தாள். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கண் பெரிதாகத் தெரிந்தது. என்னடே, மேலுக்குச் சரியில்லையா என்றாள். நூறு வரவில்லை, சோறும் வடிக்கவில்லை, அவள் கையில் கரண்டி சொட்டிக்கொண்டிருந்தது, சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அக்கா, அன்னைக்கு நான் உன்கிட்டல்லா கேட்டிருக்கணும் என்றேன். என்னைக்கு என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கரண்டியை மேஜை மேலேயே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். நாயகம் சொன்னானா என்றாள். ஆமா. அவனுக்கு ஒரு வாயி என்றாள்.  குக்கர் ஒரு தடவை கூவியது.

கேட்டிருந்தாலும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லியிருப்பேன்டே என்றாள். அவுக இருந்தாக. அவுகளுக்குத் தெரியாது, நான் பத்திரிகைக்கு அனுப்புனது. கையால எழுதி ரெண்டு அனுப்புனேன், நல்லா இருக்கு, பன்னெண்டு அனுப்புங்க, பேர் போட்டு வாரா வாரம் போடுதோம்னு எழுதியிருந்தாங்க. உன்னய வச்சு எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து, அவுக முன்னால ஒண்ணா வைக்கலாம்னு இருந்தேன். ஆச்சரியப்படுவாகல்லா. அதனால நீ கேட்டாலும் ஒண்ணுமில்லன்னுதான் வந்திருக்கும் வாயில. இதைச் சொல்லி என்னை விடுவிக்கிறாள் என்று நினைத்தேன். விடுவிக்கவில்லை. ஆனா நீ கேட்டிருக்கலாம் என்றாள். கேட்டிருந்தா, சொல்லலையேன்னு என் மேல வருத்தப்பட்டிருப்பேன். கேக்காததுனால யார் மேல வருத்தப்படன்னு தெரியாமலே இத்தன வருஷம் போயிட்டு.

பிறகு என்னக்கா செஞ்ச? நீ போனதும் உக்காந்து தேடுனேன். ஒரு வாரம். எல்லாத்தையும் அமுக்கிப் பாத்தேன், குப்பத்தொட்டி படம் ஒண்ணு இருக்கும்லா, அதுக்குள்ளகூடப் பாத்தேன், காலியா இருந்துச்சு. கையில மறுபடி போட்டுப் பாத்தேன், நாலு வந்துச்சு, பழசு மாதிரி வரல. ஒரு சொல்ல எழுதும்போதே, இதுக்கு முன்ன இத வேற எங்கயோ வச்சிருந்தோமேன்னு மனசு அங்க போயிரும். பத்திரிகைக்கு உடம்பு சரியில்லன்னு எழுதிட்டேன். நல்லவங்க, மெதுவா அனுப்புங்கன்னு பதில் போட்டாங்க. அதுக்கு நான் பதில் போடல. எம் பேர்ல தப்பு சொல்லியிருக்கலாம்லாக்கா என்றேன். யார்கிட்ட? ஊர் தெரியாத ஒரு மனுசருக்கு, எங்க வீட்டுல ஒருத்தருக்கும் நான் என்ன செய்யுதேன்னு தெரியாதுங்கன்னு எழுதச் சொல்லுதியா? கோபமில்லாமல்தான் சொன்னாள். எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். நான் அழுதிருக்க வேண்டும், அழுகை வரவில்லை, ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவள் பென்சில் பெட்டியை உடைத்துவிட்டு நின்ற மாதிரி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எப்போது நூறு வந்தது என்று பார்க்கவில்லை. திரை வெள்ளையாகி, நீலமாகி, ஏதோ ஒரு மலைப்படத்தோடு நின்றது. நாயகம் சொன்ன வீடியோ விஷயத்தையெல்லாம் ஏற்றினேன். பேத்தி படத்தை முகப்பில் வைத்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கட்டம் இதுலயும் உண்டுமா என்றாள். உண்டுக்கா, தமிழ் இப்ப ரொம்ப சுலபம், கொம்பெல்லாம் தனியா அடிக்க வேண்டாம், அதுவே போய் ஒட்டிக்கிடும். சும்மா போடு, பாப்போம். பதினொன்றுக்குப் பதினொன்று போட்டு, சதுரமாக்கி, கறுப்பு எங்கே என்று காட்டி எழுந்தேன். உட்கார்ந்தாள். நீ அந்தப் பக்கம் போடே, ஆள் நின்னா எனக்கு ஓடாது. முன் அறைக்குப் போய் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒருவர் சைக்கிளில் தண்ணீர் கேன் கொண்டுபோனார். வெயில் சுவரில் பாதி ஏறியிருந்தது. உள்ளே ஒரு விசை. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. இரண்டு விசை. பிறகு ஒரே விசையைப் பலதடவை தட்டும் ஓசை, அழிக்கிறாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இந்தப் பெட்டிகளோடு இருந்திருக்கிறேன், ஒரு ஆள் யோசிப்பதைக் கேட்க முடியும் என்று தெரியாது. மறுபடி ஒரு விசை. இது அரை மணி இருக்கும். பிறகு நாற்காலி நகர்ந்தது. வரலடே, சாப்பிட வா என்று அடுக்களையிலிருந்து குரல்.

போய்ப் பார்த்தேன். மூலையில் ஒரு கறுப்பு. குறுக்கே ஒரு சொல் நான்கெழுத்து, அதிலிருந்து கீழே இன்னொன்று, மூன்று எழுத்தோடு நின்றுவிட்டது. மூடப் போனேன். செய்த மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. வைத்துக்கொள், வேண்டாம், ரத்து செய். என் விரல் தானாக 'வைத்துக்கொள்' பக்கம் போயிற்று. அப்போதும் நானாகவே முடிவு செய்யப் பார்த்தேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏக்கா என்று கூப்பிட்டேன், குரலை உயர்த்தி, அடுக்களைக்குக் கேட்கும்படி. என்ன? நீ போட்டது இருக்கு, வச்சிக்கிடவா, அழிக்கவா? தட்டு வைக்கிற ஓசை நின்றது. யோசிக்கிறாள். நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கலாம் என்று இருந்தது. அழிச்சிரு என்றாள். அக்கா. அழிச்சிருடே, அந்த மூணாவது எழுத்து தப்பு, அங்க கொண்டு வச்சா மேல போக வழி கிடையாது.

அழித்தேன். திரையில் பேத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தேன். சொதியை ஊற்றிக்கொண்டே, நாளைக்கு வேற போட்டுப் பாக்கேன் என்றாள். எனக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். குனிந்து பச்சடி வைத்துக்கொண்டிருந்தாள். என்ன மாதிரிக்கா போடுவ என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு, எனக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.